காது குத்தும் வலி, பச்சை குத்தும் வலி: தாங்க வேண்டியது எது? தாங்கக் கூடாதது எது?

 

போன வருஷம் இதே போல ஒரு கிராமக் கூட்டத்தில் பேசி முடித்துவிட்டுக் கிளம்பும்போது, இடுப்பில் பிள்ளையோடு ஒரு தம்பி வந்து நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. "அம்மா, பதினோராம் மாசம் பிள்ளைக்குக் காது குத்து வச்சிருக்கோம். இவளுக்கு அதை நினைச்சாலே கை நடுங்குது. வலிக்காம காது குத்த ஏதாச்சும் வழி இருக்குங்களா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பலரும் கேட்க வெட்கப்படுகிற கேள்வியும் கூட. "இதுக்குப் போயா பயப்படுறே? நாங்கெல்லாம் குத்திக்கலையா?" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள் அல்லவா? அதனால் இன்று அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

காது குத்துகிறோம், மூக்கு குத்துகிறோம், கையில் பச்சை குத்திக்கொள்கிறோம். இவை நம் ஊர் வழக்கங்கள். விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. என் பாட்டிக்கு முழங்கை முதல் மணிக்கட்டு வரை கோலம் போலப் பச்சை இருந்தது. காது வளர்த்து, பாம்படம் தோளைத் தொட ஆடும். "வலிக்கலையா பாட்டி?" என்று ஒருநாள் கேட்டேன். பாட்டி சொன்னது இதுதான்:

"வலிச்சுது. அழுதேன். என் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு நாள் வீக்கம் இருந்துச்சு, அப்புறம் வத்திப் போச்சு. ஆனா என்கூடக் குத்திக்கிட்டவ ஒருத்தி, நாள் போகப் போக நோவு கூடி, வாயைத் திறக்க முடியாம, உடம்பு வில்லா வளைஞ்சு செத்துப் போனா. தாங்கிக்கோ, சரியாப் போயிரும்னுதான் நாங்க எல்லாரும் அவகிட்டச் சொன்னோம்."

அந்தப் பெண்ணைக் கொண்டுபோனது ரண ஜன்னி. இன்று அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் "தாங்கிக்கோ" என்ற அந்தப் பேச்சு மட்டும் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. ஆகவே முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வலியில் இரண்டு வகை உண்டு. குத்தும்போது வந்து, நாளுக்கு நாள் குறைந்து போகிற வலி ஒன்று. அதற்கு ஆறுதல் போதும். குத்திய பிறகு நாளுக்கு நாள் கூடுகிற வலி மற்றொன்று. அதற்கு மருத்துவம் வேண்டும். அதைத் தாங்கவே கூடாது.

குத்தினால் ஏன் வலிக்கிறது?

நம் தோலில் நரம்பு நுனிகள் நிறைய இருக்கின்றன. ஊசி பட்டதும் அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. காதின் கீழ்மடல் வெறும் சதை. அங்கே குத்தினால் சுருக்கென்று ஒரு கணம்தான் வலி. புண் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். காதின் மேல்பகுதி குருத்தெலும்பு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே வலியும் அதிகம், ஆற மாதக்கணக்கில் ஆகும். சீழ் பிடித்தால் காதே சுருங்கிப் போகலாம்.

பச்சை குத்தும்போது மேல்தோலைத் தாண்டி உள்தோலில் மை இறங்குகிறது. அதனால்தான் அது அழிவதில்லை. முன்பு விளக்குக் கரியைக் குழைத்துக் கையால் குத்துவார்கள். இன்று இயந்திரம் விட்டு விட்டுக் குத்தாமல் தொடர்ந்து குத்துவதால் சூடு போட்டது போல எரியும். மணிக்கட்டு, கணுக்கால், விலா என்று எலும்பு மேலாக இருக்கும் இடங்களில் இன்னும் கூடுதலாக வலிக்கும்.

பச்சைக் குழந்தைக்கு வலி தெரியுமா?

"அது பச்சை மண்ணு, அதுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். ஒரு காலத்தில் டாக்டர்களிலேயே பலர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1987ஆம் ஆண்டு ஆனந்த், ஹிக்கி என்ற இரண்டு டாக்டர்கள், பிறந்த குழந்தைக்கும் வலி உண்டு என்பதைச் சான்றுகளோடு எடுத்து எழுதினார்கள். அதற்குப் பிறகு மருத்துவ உலகத்தின் எண்ணமே மாறியது. தடுப்பூசி போடும்போது குழந்தையின் வலியைக் குறைப்பது எப்படி என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. அதே முறைகள் காது குத்தவும் உதவும். செலவு ஒரு காசு இல்லை.

முதலாவது, காலம். 6, 10, 14ஆம் வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்த பிறகு காது குத்துங்கள். ரண ஜன்னிக்கும், மஞ்சள் காமாலை பி வகைக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது. நாம் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படை மாதம்தானே பார்க்கிறோம்? அந்த வழக்கம் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

இரண்டாவது, பசி. மொட்டை அடித்து, வெயிலில் வைத்து, மேளம் முழங்க, பசியோடு இருக்கும் பிள்ளைக்குக் காது குத்தினால் அது வீரிட்டுத்தான் அழும். மொட்டை முடிந்ததும் நிழலுக்குக் கொண்டுபோய்ப் பால் கொடுங்கள். பிறகு குத்தட்டும். குத்திய கையோடு மறுபடியும் மார்பில் போடுங்கள். தாய்ப்பாலும் தாயின் உடம்புச் சூடும் வலியைக் குறைக்கின்றன. ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு நாக்கில் தேன் தடவாதீர்கள். அது ஆபத்து.

மூன்றாவது, மடி. தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது நம் முறை. நல்ல முறைதான். ஆனால் மாமனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளை, ஊசிக்கு முன்பே மாமன் மீசைக்குப் பயந்துவிடும். இரண்டு நாள் முன்னதாக வந்து பிள்ளையோடு விளையாடச் சொல்லுங்கள். குத்தும்போது தாய் எதிரே, பிள்ளையின் கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும். படுக்க வைத்து அமுக்கிப் பிடிக்க வேண்டாம். நிமிர்த்தி, அணைத்துப் பிடித்தால் போதும்.

நான்காவது, உண்மை. விவரம் தெரிந்த பிள்ளையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். வலித்ததும், அம்மா பொய் சொன்னாள் என்று அதற்குத் தெரிந்துவிடும். நாளைக்குத் தடுப்பூசிக்கும் நம்பி வராது. "கொஞ்சம் சுருக்குனு இருக்கும். நான் பக்கத்துலயே இருக்கேன். ஊதாங்குழல் ஊதுற மாதிரி மூச்சை ஊது" என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும். "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று கேட்காதீர்கள்.

பெரியவர்கள் என்ன செய்யலாம்?

மூக்கு குத்தவோ பச்சை குத்தவோ போகும் முன் நன்றாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிற்றில் போனால் தலை சுற்றி மயக்கம் வரும். பயம் போக ஒரு மடக்கு குடித்துவிட்டுப் போகலாம் என்று சில தம்பிகள் நினைக்கிறார்கள். மது குடித்தால் ரத்தக் கசிவுதான் கூடும். சாய்ந்தோ படுத்தோ இருங்கள். ஊசி இறங்கும்போது மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்காதீர்கள். கணவனோ மனைவியோ பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேச்சுக் கொடுங்கள். முடியவில்லை என்றால் "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பிறகு வலித்தால், பெரியவர்கள் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். குழந்தைக்கு எடை பார்த்து அளவு சொல்ல வேண்டும், செவிலியரைக் கேளுங்கள். ஆஸ்பிரின் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் களிம்பைக் கடையில் வாங்கி நீங்களாகவே அள்ளிப் பூசாதீர்கள். அளவு மீறினால் அது இருதயத்தையே பாதிக்கும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. என் பெயரை உன் கையில் பச்சை குத்திக்கொள் என்று மனைவியைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வலி அவளுடையது, தோலும் அவளுடையது. அவள் மனது வைத்தால்தான் அது சரி. மனைவி கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், தள்ளிப் போடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களும், புண் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்களும் டாக்டரைக் கேட்ட பிறகே போகவேண்டும்.

ஊசியைப் பாருங்கள்

ஒருவருக்குக் குத்திய ஊசியால் இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலை பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். காய்ந்த ரத்தத்திலும் பி வகைக் கிருமி குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். துணியில் துடைத்துவிட்டால் போதாது. திருவிழாக் கடையானாலும் சரி, ஊர் ஆசாரியானாலும் சரி, "புது ஊசியை என் கண் எதிரே உறை பிரிச்சு எடுங்க" என்று கேளுங்கள். பச்சை குத்தும் மையையும் உங்களுக்கென்று தனிக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. போடப்போகும் தங்கக் கம்பியை 20 நிமிடம் கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். மலிவான கவரிங் நகை புதுப் புண்ணில் வேண்டாம். அரித்து நீர் வடியும்.

தமிழ்நாட்டில் ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில்தான் தொடங்கியது. ஆகவே இன்று தாய் தந்தையராக இருக்கும் உங்களில் பலர் சிறுவயதில் காமாலை பி தடுப்பூசி போட்டிருக்க மாட்டீர்கள். போட்டுக்கொள்வது பற்றியும், ரண ஜன்னித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பது பற்றியும் கிராம சுகாதார செவிலியரிடம் பேசுங்கள்.

இன்னொன்று. பச்சை குத்திக்கொண்டவரிடமிருந்து ஓராண்டு வரை ரத்த தானம் ஏற்பதில்லை. மனைவியின் பிரசவத்துக்கு ரத்தம் தேவைப்படும் நேரத்தில் கணவன் கை நீட்ட முடியாமல் நிற்க வேண்டி வரலாம். பிள்ளைப்பேறு எதிர்பார்க்கும் வருஷத்தில் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பழைய ஊசியால் குத்திக்கொண்டோமோ என்று சந்தேகம் உள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். விவரம் வெளியே போகாது.

குத்திய பிறகு

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே புண்ணைத் தொடுங்கள். காய்ச்சி ஆறிய நீரால் தினமும் இரு வேளை சுத்தம் செய்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். சாம்பல், சாணி, சுண்ணாம்பு, அரைத்த மஞ்சள் எதுவும் வேண்டாம். துளையில் வேப்பங்குச்சியோ விளக்குமாற்றுக் குச்சியோ செருக வேண்டாம். கம்மலைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். புண் ஆறும் வரை குளம், கிணற்றில் குளிக்க வேண்டாம்.

எந்த வலியைத் தாங்கக் கூடாது?

மூன்றாம் நாள் வலி குறையாமல் கூடினால். சிவப்பும் சூடும் பரவினால். சீழோ துர்நாற்றமோ வந்தால். காய்ச்சல், குளிர் வந்தால். குத்திய இடத்திலிருந்து மேலே செங்கோடு ஓடினால். கம்மல் சதைக்குள் புதைந்தால். காதின் மேல்பகுதி வீங்கினால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கம்மலை நீங்களே பிடுங்காதீர்கள். டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும்.

குத்தி மூன்று வாரத்துக்குள் தாடை இறுகினால், விழுங்க முடியாவிட்டால், கழுத்தும் முதுகும் விறைத்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108க்கு போன் செய்யுங்கள். வாரங்கள், மாதங்கள் கழித்துக் கண்ணும் சிறுநீரும் மஞ்சளானாலும், பச்சை குத்தியதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குத்திய பச்சை பிடிக்காமல் போனால் ஆசிட் ஊற்றியோ, சூடு போட்டோ அழிக்க முயலாதீர்கள். அந்த வலியும் தழும்பும் பச்சையைவிடக் கொடியவை. தோல் மருத்துவரிடம் போங்கள். பாரமான நகையால் காது அறுந்து போனவர்களும் அப்படியே விட வேண்டாம். தைத்துச் சரி செய்யலாம்.

கடைசியாக, நான் முதலில் சொன்ன தம்பதி. காது குத்து முடிந்த மூன்றாம் நாள் அந்தத் தம்பி எனக்கு போன் செய்தார். "அம்மா, குத்தும்போது கொஞ்சம்தான் அழுதான். பால் குடிச்சுட்டுத் தூங்கிட்டான். ஆனா இப்ப இடது காது சிவந்து வீங்கியிருக்கு. தொட்டாலே கத்துறான். எங்கம்மா சரியாப் போயிரும்ங்கிறாங்க. இவ போலாம்ங்கிறா" என்றார். "உங்க மனைவி சொல்றதைக் கேளுங்க" என்றேன். அரை மணி நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் மருந்து கொடுத்தார். ஒரு வாரத்தில் பிள்ளைக்குச் சரியாகிவிட்டது.

என் பாட்டியின் தோழிக்கு அப்படிச் சொல்ல அன்று யாரும் இல்லை. உங்கள் வீட்டில் நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். ஒருவர் வலிக்கிறது என்றால் மற்றவர் கேளுங்கள். மூன்றாம் நாளும் மறக்காமல் கேளுங்கள்.