மல்லப்பாடியின் வெண்கோடும் மேலடுக்குகளின் பொறுப்பும்

கல்வெட்டும் ஓவியமும் நிலப்படமும் கற்றவர்களும் கணினி கற்றவர்களும் ஒன்றாக அமரும் அவைக்குத் தலைமை தாங்குவது பெருமைதான் என்றாலும், ஒரு சாரார்க்குத் தெரிந்ததை மறு சாரார்க்கு விளக்கப் புகுந்து இருவரையும் சலிப்படையச் செய்துவிடலாகாதே என்ற நடுக்கமும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொல்சான்றுகளை இணையத்தில் வழங்குவது இக்கருத்தரங்கின் பொருள். மயிலாடும்பாறையில் கி.மு. 2172 வரை பின்செல்லும் இரும்பைப் பற்றியும் நடுகற்களைப் பற்றியும் தனிக் கட்டுரைகள் வரவிருப்பதால், அவற்றை அவ்வவற்றின் ஆசிரியர்களிடமே விட்டுவிடுவது முறை. இங்கே பேச எடுத்துக்கொள்வது பாறை ஓவியங்களின் பெரும்படங்களை இணையத்தில் வழங்கும் துறை.

பெரும்படமொன்றை 256 படப்புள்ளி சதுரத் துண்டுகளாக வெட்டி, படத்தைப் பாதிப்பாதியாகச் சிறுக்கி, ஒவ்வோர் அளவையும் அவ்வாறே வெட்டி அடுக்கிவைப்பது இத்துறையின் அரிச்சுவடி. 40,000க்கு 30,000 படப்புள்ளி கொண்ட படம் இவ்வகையில் 24,804 துண்டுகளாகும். ஆயினும் 1,366க்கு 768 அளவுள்ள திரையை நிரப்ப ஒரு நேரத்தில் அதிகபட்சம் 28 துண்டுகளே வேண்டியிருப்பதால், மெலிந்த இணைப்பிலும் படம் விரிகிறது.

இம்முறை 2005இல் கூகுள் நிலப்படத்துடன் பிறந்தது என நம் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. எழுதிய நண்பர்கள் சிலர் இவ்வவையிலேயே இருப்பதால் பெயர் சுட்டத் தேவையில்லை. அவர்கள் இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் அட்டவணையை ஒருமுறை புரட்டியிருக்கலாம். நான்கு பாகை அகலமும் நான்கு பாகை உயரமும் கொண்ட 57ஆம் தாள் ஏ (A) முதல் பி (P) வரையான 16 ஒருபாகைத் தாள்களாகவும், அவற்றுள் ஒவ்வொன்றும் மீண்டும் 16 கால்பாகைத் தாள்களாகவும் பிரிகிறது. ஓசூர் 57 எச்/14. கிருஷ்ணகிரி 57 எல்/2. ஓசூரையும் பெங்களூரையும் ஒரே எச் தாளில் சேர்த்து, மாவட்டத் தலைநகரை 78 பாகைக் கோட்டுக்கு அப்பால் தள்ளும் இவ்வெட்டு, ஓசூரின் அன்றாடத்தை அரசாணைகளைவிட நன்கறிந்தது போலும். இன்றைய துண்டுக் கோப்பின் பெயரும் இதே வழியில், எந்த அடுக்கு, எந்தப் பத்தி, எந்த வரிசை என்றே சொல்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. இவ்வுரை வாதாட வந்ததும் அதன் பொருட்டே. ஒருபாகைத் தாள் கால்பாகைத் தாள்களின் வெறும் சிறுபடமன்று. எந்தக் கிணற்றை விடுவது, எந்தக் கோட்டையை வைப்பது என்று ஓர் ஆள் முடிவுசெய்து மீள வரைந்தது. கணினியோ நான்கு படப்புள்ளிகளின் சராசரியை ஒன்றாக்குவதோடு நின்றுவிடுகிறது. பர்கூரை அடுத்த மல்லப்பாடிப் பாறையில் வெண்ணிறத்தில் தீட்டப்பட்ட குதிரைவீரர் இருவர் பொருதும் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். நான்கு படப்புள்ளி அகலத்தில் பதிவான வெண்கோடு, 40,000 அகலம் ஐந்துமுறை பாதியாகி 1,250 ஆகும்போது, தன் அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கையே காத்துக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது வெறும் பாறை. வீரர் இருக்குமிடம் தெரியாதவர் எங்கே பெரிதாக்குவார்?

எனவே சிறுக்கிய மேலடுக்குகளில் அக்கோட்டைக் கையால் அழுத்திக் காட்ட வேண்டும் என்பதே என் வாதம். அவ்வாறு திருத்துவது சான்றைக் கெடுப்பதாகும் என்ற மறுப்பு மதிப்பிற்குரியது. ஆனால் சராசரியும் ஒரு திருத்தமே, பொறுப்பேற்க ஆளில்லாத திருத்தம். அடியடுக்கைத் தொடாமல் வைத்து, மேலே கோடு அழுத்தப்பட்டது என்று படத்தருகிலேயே குறித்துவிட்டால் மறைப்பதற்கு ஏதுமில்லை. கேட்கும்போதெல்லாம் மூலப்படத்திலிருந்து வெட்டித்தரும் வழங்கியை விட்டு, முன்கூட்டியே வெட்டிய கோப்புகளை நாடுவது பழைமைவாதம் என்ற பழிச்சொல்லுக்கும் இங்கே விடை உண்டு: தனிக் கோப்பாக நிற்கும் துண்டை மாற்றலாம், மாற்றியது எது என்றும் காட்டலாம். படங்களைப் பொது முறையில் பகிர்வதற்கான ஐஐஐஎஃப் நெறியும் தன் சுழிய நிலையில் இத்தகைய கோப்புகளை ஏற்கிறது. கருவி மறைந்தாலும் இக்கோப்புகள் நிலைக்கும்: மைக்ரோசாப்டின் சில்வர்லைட் என்னும் உலாவிச் செருகுநிரல் 2021இல் ஆதரவிழந்தது. அதன் டீப் ஜூம் முறையில் வெட்டிய துண்டுகளோ ஓபன்சீட்ராகன் என்னும் திறமூலக் கருவியில் இன்றும் திறக்கின்றன.

வேலை மலைப்பானதும் அன்று. 24,804 துண்டுகளில் 1,250 அகல அடுக்கும் அதற்கு மேலுள்ளவையும் சேர்ந்து 37 மட்டுமே. பாறையை நேரில் பார்த்த ஒருவரும் வெட்டும் கருவி அறிந்த ஒருவரும் அருகருகே அமர்ந்தால் அவற்றைச் சரிபார்த்துவிடலாம், இருவகையினரும் இன்று இவ்வவையில் உள்ளனர்.