தொடர் முடிந்த பின்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவியரங்கமும் நூலாய்வும் நிகழும் மேடையில் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி ஓர் உரையா என்று முகம் சுளிப்போர் இவ்வவையில் இருக்கக்கூடும். ஆயினும் அவர்கள் வீட்டிலும் ஒரு நல்ல தொடர் முடிந்த மறுநாள் இரவு, கூடத்தில் ஏதோ ஒன்று குறைந்தே இருந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் குறித்த நேரத்தில் வந்துபோன மனிதர்கள் இனி வரமாட்டார்கள். அவர்கள் போனதற்குத் துக்கம் கேட்க வருவார் எவருமில்லை. மறுநாளே அதே நேரத்தில் முன்பின் அறியாத வேறொரு குடும்பம் திரையில் வந்து அமர்ந்துகொள்கிறது. நேயர் அதனைச் சில நாள் ஐயத்தோடு நோக்குகிறார். பிறகு ஏற்றுக்கொள்வார்; அல்லது வேறு கதை தேடிப் புறப்படுவார். அந்தத் தேடல் எவ்வழியில் நடக்கிறது, எந்த வழி அவரை ஏமாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

இத்தேடல் தமிழருக்குப் புதிதன்று. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வன் முடிந்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டதாக வாசகர் பலர் குறைப்பட்டனர். பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்று முடிவுரை ஒன்றில் கல்கி விளக்கம் சொல்ல நேர்ந்தது. எனினும் அந்த வாசகருக்கு அடுத்த கதையைத் தேடுவது எளிதாகவே இருந்தது. ஆசிரியர் பெயர் தெரியும். பார்த்திபன் கனவுக்கோ சிவகாமியின் சபதத்துக்கோ திரும்பிப் போகலாம். தெருக்கூத்துப் பார்ப்பவருக்கு அந்தக் கவலையும் இல்லை. திரௌபதி அம்மன் கோயிலில் இவ்வாண்டு படுகளத்தோடு முடிந்த பாரதம் அடுத்த திருவிழாவில் மீண்டும் தொடங்கும். தொலைக்காட்சி நேயரின் நிலை இவ்விரண்டும் அன்று. அவருடைய கதை திரும்பி வரும் என்பதற்கு உறுதியில்லை. எழுதியவரின் பெயரோ, கண்ணை மூடித் திறப்பதற்குள் திரையைக் கடந்துவிடும்.

இந்தியாவின் முதல் நெடுந்தொடரான ‘ஹம் லோக்’ 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் தொடங்கியது. அதன் பிறப்பே வேடிக்கையானது. 1982-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே மெக்சிகோ சென்றிருந்தபோது, அந்நாட்டில் மிகேல் சபிதோ என்பவர் சமூக முன்னேற்றக் கருத்துகளைக் குடும்பக் கதைகளில் கலந்து தயாரித்த தொடர்களின் செல்வாக்கை அறிந்து வந்தார். அந்த வித்து இங்கே ஊன்றப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்த தொடக்கப் பகுதிகளை மக்கள் விரும்பவில்லை. பிரசாரத்தைக் குறைத்துக் கதையை முன்னே கொண்டுவந்த பிறகே நாடு அதன் முன் அமர்ந்தது. குடிகார பசேசர் ராம், அவனைச் சகித்து வாழும் பாகவந்தி, அவர்களுடைய ஐந்து மக்கள், தாத்தா, பாட்டி: கீழ் நடுத்தர வர்க்கத்து வீடு ஒன்று, அவ்வளவே. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி அன்றைய கதையைப் பற்றி நேயரோடு இரண்டு வார்த்தை பேசுவார். அவருக்கு வந்து குவிந்த கடிதங்கள் 4 லட்சத்துக்கும் மேல். காதல் மணத்துக்குத் தங்கள் பெற்றோரை இணங்கவைக்குமாறு அவரிடம் முறையிட்ட இளைஞர்களும் உண்டு. இந்தி மொழியில் அமைந்தமையால் தமிழ்நாட்டில் அத்தொடர் வடநாட்டில் போல வேரூன்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏறத்தாழ 17 மாதங்கள் ஓடி, 1985 டிசம்பர் 17 அன்று ‘ஹம் லோக்’ நிறைவுற்றது. அடுத்த ஆண்டே ‘புனியாத்’ வந்தது. முன்னதைப் போலவே இன்னொன்றைத் தேடியவருக்குப் ‘புனியாத்’ திகைப்பையே தந்திருக்கும். அங்கே அன்றாட வறுமை. இங்கே லாகூரின் செல்வக் குடும்பங்கள், சுதந்திரப் போராட்டம், பிரிவினை, அகதி வாழ்க்கை. முந்தைய தொடரை இயக்கியவர் பி. குமார் வாசுதேவ், பிந்தையதை ரமேஷ் சிப்பியும் ஜோதி ஸ்வரூப்பும் இயக்கினர். காலமும் களமும் இயக்கமும் மாறிய இடத்தில் மாறாதிருந்தது ஒன்றே. இரண்டையும் எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி.

ஜோஷி இந்தியின் குறிப்பிடத்தக்க நாவலாசிரியர். ‘குரு குரு ஸ்வாஹா’, ‘கசப்’ ஆகியவற்றைப் படைத்தவர். ‘சாப்தாஹிக் ஹிந்துஸ்தான்’ வார இதழின் ஆசிரியராக இருந்தவர். ‘க்யாப்’ நாவலுக்காக 2005-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்று, 2006-இல் மறைந்தார். வீட்டுக்குள் மனிதர் பேசும் பேச்சை அவர் செவி அறிந்திருந்தது. ஒரு தந்தையின் பிடிவாதம் பத்தாண்டு கழித்து ஒரு மகளின் வாழ்வில் எங்கே போய்த் தைக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். பசேசர் ராமின் வீட்டில் நேயரைக் கட்டிப்போட்டது இந்த அறிவே. மாஸ்டர் ஹவேலி ராமும் லாஜோவும் வாழ்ந்த வீட்டிலும் அதுவே அவர்களை இருத்தியது. பெரும்பாலோர் ஜோஷியின் பெயரைத் தேடிப் போகவில்லை. தூர்தர்ஷன் கொடுத்ததைப் பார்த்தனர். ஒரே ஒரு நிலையம் இருந்த நாளில் அந்த நல்லூழ் தானாகவே வாய்த்தது. நூறு நிலையங்கள் வந்த பிறகு நேயரே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நேரத்தைப் பின்தொடர்வது முதல் வழி. ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளை ஆண்டது. உத்தர காண்டம் இல்லாமல் தொடர் முடியப்போகிறது என்று அறிந்தபோது, வால்மீகியைத் தம் முன்னோராகக் கொண்டாடும் துப்புரவுத் தொழிலாளர் ஜலந்தரில் வேலைநிறுத்தம் செய்தனர். ஒரு கதையின் முடிவுக்காகக் குப்பை அள்ளுவதை நிறுத்திய நிகழ்ச்சி உலக இலக்கிய வரலாற்றிலேயே அரிது! பின்னர் உத்தர காண்டமும் தொடராக வந்தது. 1988 அக்டோபர் 2 முதல் பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ ஞாயிறு காலையில் இடம் பிடித்தது. நேரத்தை நம்பி அமர்ந்திருந்தவருக்கு அங்கும் ஓர் எழுத்தாளரே கிடைத்தார். ‘ஆதா காவ்(ன்)’ என்னும் நாவலைப் படைத்த ராஹி மாசூம் ரஜா அதன் திரைக்கதையையும் வசனத்தையும் எழுதியவர். காலமே கதைசொல்லியாகப் பேசும் அந்த உத்தி, பக்திப் படங்களில் பழகிப்போன கண்ணுக்கும் செவிக்கும் புதிதாக இருந்தது.

முகத்தைப் பின்தொடர்வது தமிழ் நேயருக்கு மிகவும் இசைந்த வழி. 1999-இன் இறுதியில் தொடங்கி 2001-இல் முடிந்த ‘சித்தி’க்குப் பின், அண்ணாமலை, செல்வி, அரசி, வாணி ராணி என்று ராதிகாவின் முகமே இரவு ஒன்பதரை மணிக்கு அடையாளமாக நின்றது. முகம் நம்பிக்கை தரும். கதை நன்றாக இருக்கும் என்பதற்கு அது பிணை நிற்காது. அந்த முகமே ஒருநாள் இல்லாமலும் போகலாம். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக வந்து ஊரையே பேசவைத்த ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். அப்பாத்திரத்தை ஏற்று நடிக்க வந்தவர் ‘குற்றப் பரம்பரை’ நாவலாசிரியர் வேல ராமமூர்த்தி! எழுத்தாளரின் பெயரையே கவனியாத நேயர் கூட்டம் ஓர் எழுத்தாளரின் முகத்தை அன்றாடம் பார்க்க நேர்ந்தது.

இயக்குநரைப் பின்தொடர்ந்தவர்கள் சற்றுப் பொறுமைசாலிகள். கோலங்கள் (2003–2009) தொடரை இயக்கி, அதில் தொல்காப்பியன் என்ற பாத்திரத்திலும் நடித்த திருச்செல்வமே 2022-இல் எதிர்நீச்சலைத் தொடங்கியவர். ஒரு பெண்ணின் உழைப்பைச் சுற்றியுள்ளோர் எப்படிச் சுரண்டுகின்றனர் என்ற கேள்வி இரண்டிலும் தொடர்வதை, இரண்டையும் பார்த்தவர் எளிதில் கண்டுகொள்வர். ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதையான ‘மெட்டி ஒலி’ 2005-இல் முடிந்தபின், திருமுருகனின் அடுத்த நெடுந்தொடராகிய ‘நாதஸ்வரம்’ வர 2010 ஆயிற்று. அதன் ஆயிரமாவது பகுதி 2014 மார்ச் 5 அன்று நேரலையாகவே நடிக்கப்பட்டது என்பது தனிக் கதை.

அந்த ஐந்தாண்டு இடைவெளியே இங்குக் கருதத்தக்கது. அவ்விடைவெளியில் திருமுருகன் ‘எம் மகன்’ (2006) திரைப்படத்தை இயக்கினார். தொடரை இழந்தவர்கள் இயக்குநரைத் தேடித் திரையரங்குக்குப் போனார்கள். அங்கே பெயர்ப் பட்டியலைக் கவனித்தவருக்கு வசனம் பாஸ்கர் சக்தி என்று தெரிந்திருக்கும். அவர் சிறுகதையாளர், சின்னத்திரைத் தொடர்களுக்கும் வசனம் எழுதியவர். அவருடைய கதையிலிருந்து உருவானதே ‘அழகர்சாமியின் குதிரை’ (2011). தொடரில் கேட்டு ரசித்த பேச்சின் ஊற்று எங்கோ ஒரு சிறுகதைத் தொகுப்பில் இருக்கக்கூடும் என்பதை அந்த ஒற்றை வரி நேயருக்குக் காட்டிவிடுகிறது. அதனைப் படித்தவர் எத்தனை பேர்?

படிக்காதது நேயரின் குற்றம் மட்டுமன்று. நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடரில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். நடுவழியில் அவர்கள் மாறுவதும் உண்டு. இந்த அவையில் இருக்கும் கவிஞர்கள் சிலர் அப்பணியைச் செய்தும் இருக்கலாம். ஆயிரம் பகுதிக்கு வசனம் எழுதியவரின் உழைப்பு, ஒரு தொகுப்பில் பன்னிரண்டு கவிதை எழுதியவரின் உழைப்புக்கு இளைத்ததில்லை. ஆனால் அவரை எந்த நூலகப் பட்டியலும் பதிவுசெய்வதில்லை. எந்த இலக்கிய வட்டமும் பாராட்டுவதில்லை. ஒரு தொடரை நேசித்தவர் அதை எழுதிய கையைத் தேட விரும்பினால், அவருக்கு வழிகாட்ட ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

இன்றைய இணையத் திரைத் தளங்கள் அந்த வேலையைத் தாமே செய்வதாகச் சொல்கின்றன. ஒன்றைப் பார்த்து முடித்ததும், அதைப் போன்றவை என்று ஒரு வரிசையை நீட்டுகின்றன. கூட்டுக் குடும்பம் பார்த்தவருக்குக் கூட்டுக் குடும்பம், கொலை பார்த்தவருக்குக் கொலை. நேற்று மீந்த குழம்பைச் சுடவைத்துப் பரிமாறுவது போன்றது இது. ‘ஹம் லோக்’ பார்த்து முடித்தவருக்கு இந்த முறையில் ‘புனியாத்’ அகப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

எழுத்தாளரின் பெயரையே வழியாகக் கொண்டு தொடரிலிருந்து தொடருக்குச் சென்ற நேயர் தமிழிலும் இருந்தனர். அவர்களை உருவாக்கியவர் இந்திரா சௌந்தர்ராஜன். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் 1990-களில் தயாரித்த ‘மர்மதேசம்’ ஒரே தலைப்பின்கீழ் வந்த வெவ்வேறு கதைகளின் வரிசை. நாகா இயக்கிய ‘ரகசியம்’ சித்தர் கோயிலையும் நவபாஷாண லிங்கத்தையும் சுற்றியது. அடுத்து வந்த ‘விடாது கருப்பு’ ஒரு கிராமத்தின் காவல் தெய்வத்தைப் பற்றியது. முந்தைய பாத்திரம் ஒன்றுகூட அதில் இல்லை. கதை நிகழும் இடமும் வேறு. நேயர் கலையவில்லை. சி.ஜெ. பாஸ்கர் இயக்கிய ‘சொர்ண ரேகை’க்கும் வந்தனர், 2004-இல் நாகாவின் இயக்கத்தில் ‘சிதம்பர ரகசியம்’ தொடங்கியபோது, நாடி சோதிடத்தைப் பற்றிய அக்கதைக்கும் வந்தனர். தெய்வத்தின் செயலா, மனிதனின் சூழ்ச்சியா என்ற ஐயத்தை இறுதிவரை அணையாமல் காக்கும் ஒரு மனத்தை அவர்கள் அடையாளம் கண்டிருந்தனர். அவருடைய எல்லாக் கதைகளும் ஒரே தரத்தவை என்று சொல்வதற்கில்லை. எழுதிக் குவித்தவர் அவர். ஆனால் அந்தப் பெயர் திரையில் தோன்றினால் இன்ன வகை ஐயம் காத்திருக்கிறது என்பது வீட்டில் உள்ள சிறுவருக்கும் தெரிந்திருந்தது.

2024 நவம்பர் 10 அன்று மதுரையில் அவர் மறைந்தார். மர்மதேசம் இன்று இணையத்தில் முழுமையாகக் காணக் கிடைக்கிறது. மீண்டும் பார்த்து முடித்தவர்கள் அடுத்து என்ன என்று கேட்டால், அவர்களுக்குச் சொல்ல ஒரு பெயர் உண்டு: ‘விட்டு விடு கருப்பா’. ‘விடாது கருப்பு’ தொடருக்கு மூலமான நாவல் அது. முடிவு தெரிந்த கதைதான். நாகாவின் நிழலும் வெளிச்சமும் அதில் இல்லை. நள்ளிரவில் வரும் குதிரையின் குளம்பொலியைப் படிப்பவரே எழுப்பிக்கொள்ள வேண்டும்.