படுத்த நாளுக்கும் கூலி

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளர் பலருக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டு. மருந்து மாத்திரைக்கு மட்டும்தான் அது என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பு முடியாமல் படுத்துவிட்டால் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்குத்தான் கணக்கு. கம்பெனி மாறுகிறவர்கள் பழைய காப்பீட்டு எண்ணையே கொடுங்கள். புது எண் போட்டால் நாள் கணக்கு சிதறிவிடும். பாவம், எத்தனையோ பேர் இதில்தான் இழக்கிறார்கள். காசநோய், புற்றுநோய் போன்றவற்றுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீளலாம். அதற்கு இரண்டு ஆண்டுத் தொடர் வேலை வேண்டும். படுத்ததும் ஈ.எஸ்.ஐ. மருந்தக டாக்டரிடம் சான்று வாங்கிவிடுங்கள்.