பழைய கால் மிஷினும் ஜீன்ஸ் துணியும்

ஜீன்ஸ் பேண்ட்டின் அடிமடிப்பு, பள்ளிக்கூடப் பையின் பிய்ந்த வார், இதையெல்லாம் புது மிஷினில் தைக்கப் போனால் சில சமயம் ஊசி ஒடிகிறது, மோட்டார் திணறுகிறது. அதே வேலையை 60 வருடத்துப் பழைய சிங்கரோ உஷாவோ அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும்.

காரணம் இருக்கிறது. அந்தக் கால மிஷினின் உடம்பு வார்ப்பிரும்பு. உள்ளே ஓடும் பாகங்கள் எஃகு. இப்போது வரும் விலை குறைந்த வீட்டு மிஷின்கள் பலவற்றில் பல்சக்கரம் பிளாஸ்டிக். பழைய கால் மிஷினில் பெரும்பாலும் நேர்த்தையல் மட்டும்தான். அதனால் பாகங்களும் குறைவு. தடித்த இடம் வந்தால் காலை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக நகர்த்தலாம். என்னைக் கேட்டால், இந்த ஒரு வசதிக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

ஊசியில் கவனம் வேண்டும். மெல்லிய துணிக்குப் போடும் 11-ஆம் நம்பர் ஊசியோடு ஜீன்ஸில் இறங்காதீர்கள். 16 அல்லது 18 போடுங்கள். தையல் நீளத்தைக் கூட்டுங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதும். தடித்த தோலுக்கு அதற்கென்று உள்ள பெரிய மிஷின்தான் சரி. வீட்டு மிஷினை வதைக்க வேண்டாம்.

பரணில் கிடக்கும் கால் மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பிசுக்கைத் துடைத்து, மிஷின் எண்ணெய் விட்டு, புது பெல்ட் மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், இறுகிவிடும். இந்த மிஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊசியும் பாபினும் இன்றும் தையல் சாமான் கடைகளில் கிடைக்கின்றன.