தட்டு எந்தப் பக்கம் சுற்றும்?

(வானகரத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கேள்வி எடுத்துக்கொள்கிறேன். மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கிற கண்ணாடித் தட்டு ஒரு சமயம் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, இன்னொரு சமயம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஏன்?

வேடிக்கைக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், பழுது பார்க்க வந்தவர் "மோட்டார் போச்சு, மாத்தணும்"னு சொல்லிவிட்டார். அந்த அம்மா பணத்தை எண்ணும்போதுதான் சந்தேகம் வந்து, "தம்பி, நீ இன்ஜினியர்தானே, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிட்டார்கள். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. அது பிறவியிலேயே அப்படி.

முதலில், தட்டு ஏன் சுற்ற வேண்டும்? அடுப்பில் இருக்கும் மேக்னட்ரான் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறது. அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். அது இரும்புச் சுவர்களில் மோதித் திரும்பி, தன்னோடு தானே கலந்து நிலை அலையாக நிற்கிறது. அதனால் சில இடம் கொதிக்கும், பக்கத்திலேயே சில இடம் ஆறிக் கிடக்கும். தட்டைச் சுற்றவிடாமல் நாலைந்து அப்பளத்தைப் பரப்பி அரை நிமிஷம் வைத்துப் பாருங்கள். திட்டுத் திட்டாகப் பொரியும். திட்டுகளுக்கு நடுவே சுமார் 6 சென்டிமீட்டர், அதாவது அரை அலைநீளம். பெட்டிக்குள் அலை பல திசையில் ஓடுவதால் கணக்கு அச்சாக வராது. இதற்காகத்தான் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 1966-ல் சுழலும் தட்டைக் கொண்டுவந்தது. ஆனால் தட்டின் நடுப்புள்ளி நகராதே! பாத்திரத்தை நட்டநடுவில் வைக்காமல் சற்று ஓரமாக வைப்பது உத்தமம். வீட்டில் சொல்லுங்கள்.

இனி திசை. தட்டுக்குக் கீழே இருப்பது சில வாட் மட்டுமே எடுக்கும் சின்ன சிங்க்ரனஸ் மோட்டார். ஒரு காயில், நடுவில் நிரந்தர காந்தம், சில பல்சக்கரங்கள், அவ்வளவுதான். பல மோட்டார்களின் மேல் 50/60 ஹெர்ட்ஸ், 5/6 ஆர்.பி.எம். என்று அச்சடித்திருக்கும். நம்ம ஊர் கரண்டில் நிமிஷத்துக்கு 5 சுற்று, அமெரிக்காவில் 6. காந்தத்துக்கு 12 துருவம் என்று வைத்துக்கொண்டால் 120 பெருக்கல் 50 வகுத்தல் 12, ஆக 500. பல்சக்கரம் அதை நூறில் ஒன்றாகக் குறைத்தால் 5. வேகம் இப்படிக் கறாராக இருக்கிறது, திசைக்கு மட்டும் கட்டளையே இல்லை.

ஒற்றை காயில் உண்டாக்கும் காந்தப் புலம் சுழலாது, முன்னும் பின்னும் துடிக்கும். அந்தத் துடிப்பை எதிரெதிராகச் சுழலும் இரண்டு சம புலங்களாகப் பிரிக்கலாம். ஆமாம், நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து எழுதிய அதே 16 மார்க் கேள்வி! நான் அதைப் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், அது சமையலறையில் உட்கார்ந்திருக்கிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் காந்தம் எந்த நிலையில் நின்றிருந்தது, கரண்ட் அலை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து, எந்தப் புலம் முதலில் பிடிக்கிறதோ அதோடு போய்விடும். பெரிய பாத்திரத்தின் கைப்பிடி சுவரில் இடித்தால் தட்டு அப்படியே திரும்பி மறுபக்கம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுவே.

சீலிங் ஃபேனும் ஒற்றை ஃபேஸ்தானே, அது மட்டும் எப்படி ஒரே பக்கம் சுற்றுகிறது? அதில் இரண்டாவது வைண்டிங்கும் கண்டன்சரும் இருக்கின்றன. கண்டன்சர் போய்விட்டால் ஃபேன் உறுமிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கம் சுற்றும். திசை என்பது காசு கொடுத்து வாங்கும் பொருள்! ஃபேனுக்கு வாங்கித்தான் ஆக வேண்டும், திரும்பிச் சுற்றினால் காற்று மேலே போகும். மிக்ஸியில் மரை, சுற்றச் சுற்ற இறுகும் பக்கமாக வெட்டப்பட்டிருக்கும், அங்கேயும் திசை முக்கியம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பம்பு ஓடும், ஆனால் தண்ணீர் ஒழுங்காக ஏறாது.

தட்டு மோட்டாருக்கும் திசை கொடுக்கலாம். உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் தடுப்பு போதும், தப்பாகக் கிளம்பினால் இடித்துத் திரும்பிவிடும். திசை தேவைப்படும் இடங்களில் அப்படிச் செய்கிறார்கள். அடுப்பில் செய்யவில்லை, ஏனென்றால் சாம்பார் சாதம் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே மாதிரி சூடாகும். செலவு செய்யாமல் விட்ட அந்த வடிவமைப்பாளரை நான் ரொம்ப மதிக்கிறேன். எதைச் சேர்ப்பது என்று சொல்லப் பலர் உண்டு.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்வத்தில் அடுப்பின் மூடியைக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கண்டன்சரில் 2,000 வோல்ட் அளவுக்கு மின்னேற்றம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம், ஆளைக் கொல்லும். அப்பளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.