நிறம் நீங்கினும் உரு நிற்கும்

வண்ணத்தில் எடுத்த காட்டுயிர்ப் படங்களைப் பின்னர்க் கறுப்பு வெள்ளையாக மாற்றும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. உள்ள நிறத்தை ஏன் நீக்க வேண்டும் என்னும் வினா இங்கு இயல்பாகவே எழும். அதற்கு விடை தேடுவோர் முதலில் மா. கிருஷ்ணனை (1912–1996) நினைத்தல் தகும்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாரான கிருஷ்ணன், பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட படக்கருவியுடன் காடுகளில் நடந்தவர். வண்ணப் படச்சுருள் பரவலாகக் கிடைத்த காலத்தும் அவர் கறுப்பு வெள்ளையையே போற்றினார். அவர்தம் படங்களில் யானையின் தோல்மடிப்பும் அது நிற்கும் நிலையும் முதலில் கண்ணில் படுகின்றன.

பெருமழையில் நனைந்த பாறைக்கு, அழுக்கறக் கழுவிய யானையை உவமையாக்கினார் கபிலர். குறுந்தொகையின் 13ஆம் பாடலில் வரும் அவ்வுவமைக்கு உயிர் தருவது 'பிணர்' என்று அவர் சுட்டும் சொரசொரப்பு. கறுப்பு வெள்ளைப் படம் சிறப்பாகக் காட்டுவதும் அதையே. யானை, முள்ளம்பன்றி, கரிய உடலும் வெளிறிய கால்களும் கொண்ட காட்டுமாடு ஆகியவை நிறம் நீங்கியும் குன்றாதிருப்பது இதனாலேயாம்.

ஆயின் நிறத்தை நீக்குதல் வெறும் அழித்தல் அன்று. வண்ணப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றன் அளவுகள் உள்ளன. அவற்றை ஒரே சாம்பல் அளவாக்கும்போது, மனிதக் கண்ணின் உணர்திறனுக்கேற்பச் சிவப்பில் ஏறத்தாழ 30, பச்சையில் 59, நீலத்தில் 11 விழுக்காடு கொள்வது பொதுவான முறைகளுள் ஒன்று. படச்சுருள் காலத்தில் வில்லையின் முன் மஞ்சள் அல்லது சிவப்பு வடிகட்டியைப் பொருத்தி வானத்தைக் கருமையாக்கினர். அன்று படமெடுக்குமுன் செய்த தேர்வை இன்று படமெடுத்தபின் கணிப்பொறியில் செய்கின்றனர்.

இத்தேர்வின் அருமை புலிப் படத்தில் விளங்கும். வெயிலில் நிற்கும் புலியின் செம்மஞ்சளும் புல்லின் பசுமையும் நிறத்தால் வேறாயினும் ஒளியளவால் நெருங்கியவை. பொது முறையில் மாற்றினால் இரண்டும் ஒரே சாம்பலாகிப் புலி புல்லுள் மறைந்துவிடக்கூடும். செம்மஞ்சளை வெளிறச் செய்து பச்சையை இருளச் செய்தால் புலி மீண்டும் தோன்றும். அளவு மீறினால் அது வெண்புலியாகிவிடும்.

இங்கே எண்ணத்தக்கது ஒன்று உண்டு. வண்ணம் உணரும் செல்கள் மனிதர் விழியில் மூவகை. மானின் விழியிலோ இருவகையே. ஆகவே செம்மஞ்சளையும் பச்சையையும் மான் எளிதிற் பிரித்தறிவதில்லை. புல்லோடு கலந்த சாம்பல் புலி, படமெடுத்தவருக்குக் குறையாகத் தோன்றலாம். புலி பசியாறும் வழியை உணர்த்தும் உண்மையும் அதுவே. எதனைக் காட்ட வேண்டும் என்று துணிந்த பின்னரே நிறத்தின்மேல் கைவைத்தல் வேண்டும்.

நீக்கத்தகாத நிறங்களும் உள. பனங்காடை சிறகு விரிக்கும்போது ஒளிரும் நீலத்தை நீக்கினால் அப்பறவையின் அழகில் எஞ்சுவது சிறிதே. மங்கிய ஒளியில் தவறிய படத்தைக் காப்பாற்றும் போர்வையாகக் கறுப்பு வெள்ளையைக் கொள்வதும் முறையன்று. குவியம் தவறிய கண் எந்நிறத்திலும் தெளியாது.

சாம்பல் அளவுகளைக் கூட்டுவதும் குறைப்பதும் விளக்கவுரை போன்றவை. இல்லாத விலங்கைச் சேர்ப்பதும் இருந்த மரத்தை அழிப்பதுமோ மூலத்தைத் திருத்தும் செயல்கள். ஏட்டின் பாடத்தை மாற்றாது உரை வரைந்த சான்றோர் மரபை அறிந்தவர்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. வண்ண மூலத்தை அழியாது காத்து, மாற்றியதை மாற்றியதென்றே குறித்து வைத்தல் படக்கலைஞரின் கடன். காட்டை நேரில் காணும் வாய்ப்பற்ற பலருக்கு அப்படமே சான்று. அச்சான்று பொய்யாதிருத்தல் வேண்டும்.