கேட்டு நடுவோம்
(வஹகோட்டையில் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரை)



லயத்துக்குப் பக்கத்தில் நமக்கு இருப்பது நாலு பாத்தி நிலம். கீரை, மிளகாய், போஞ்சி எல்லாம் அதிலதான். அந்தத் துண்டை ஒரு செடி பிடித்துக்கொண்டால், கறிக்குக் கடைக்குத்தான் போகவேண்டும்.

தரையில் படர்ந்து மஞ்சள் பூப் பூக்கும் கொடி ஒன்று இருக்கிறதே, அதை என் அம்மா ஒரு விசேஷ வீட்டிலிருந்து கொண்டுவந்தார். "அழகா இருக்கு, ஒரு துண்டு குடுங்க அக்கா" என்று கேட்டு வாங்கியதுதான். அதன் தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர் விடும். அடுத்த வருஷம் மிளகாய்ப் பாத்தியைக் காணோம். மம்பட்டியால் கொத்தி கான் ஓரத்தில் எறிந்தோம். எறிந்த துண்டுகள் அங்கேயும் முளைத்தன.

இது புதுக் கதையில்லை. உண்ணிச்செடியும் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். பழத்தைக் குருவி தின்று விதையை மலையெங்கும் போட்டது. இலையைத் தின்னும் மாட்டுக்கு ஈரல் கெடும். ஆகாயத்தாமரையும் பூவுக்காகவே வந்தது. அதைத் தடுக்க 1909இல் சட்டமே போட்டார்கள். இன்னும் அது ஒழியவில்லை.

அதனால் பூச்செடியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படிச் செய்யுங்கள்:

புதினா போல மண்ணுக்குள் ஓடும் செடியைப் பழைய வாளியில் நடுங்கள். அடியில் ஓட்டை போட்டு, கல்லின் மேல் வையுங்கள். மண்ணில் வைத்தால் ஓட்டை வழியாக வேர் இறங்கிவிடும்.

படர்ந்துவிட்ட கொடியை மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது முள்ளால் கிளறி வேரோடு எடுங்கள். பாறையில் போட்டு வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கானிலோ ஆற்றிலோ போடாதீர்கள். கீழே இருக்கும் லயத்துக்காரர் தலையில்தான் அது விடியும். ஒரு தடவையோடு விடாமல், மாதம் ஒருமுறை பார்த்து, முளைத்ததைப் பிடுங்குங்கள்.

காட்டுச் சூரியகாந்தி மெக்சிக்கோ பக்கத்துச் செடி. 1851இல் இலங்கைக்கு வந்தது. அதுவும் வேகமாகப் பரவும். ஆனால் அதன் இலை நல்ல பசளை. விதை முற்றும் முன்னே வெட்டி, இலையையும் இளங்குருத்தையும் மட்டும் பாத்தியில் போடுங்கள். தடித்த தண்டைப் போட்டால் அதுவே வேர் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. அக்கம்பக்கத்தில் செடி கொடுத்து வாங்குவது நம்மிடம் உள்ள நல்ல பழக்கம். அதை விடவேண்டாம். வாங்கும்போது, "இது எப்படிப் பரவும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கொடுப்பவரும் அதன் குணத்தைச் சொல்லிக் கொடுங்கள்.